வண்டிக்குள்ளே ஒரு கூர்க்கா!

காரில் சாவியைத் திருப்பியதும், இன்ஜின் உறுமுவதற்கு முன்னால், டாஷ்போர்டு முழுக்கக் கார்த்திகை தீபம்! ஏர்பேக், பிரேக், ஏ.பி.எஸ்... எல்லா விளக்கும் எரிந்து, சில விநாடிகளில் ஒவ்வொன்றாக அணையும். நம்மில் பலர் இதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அலங்காரமில்லை ஸார், அட்டெண்டன்ஸ்! சோதனையில் தேறாத சமாச்சாரத்தின் விளக்கு அணையாமல் அப்படியே நிற்கும்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த ஊர், அவ்வளவுதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லரின் லாரிகள், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை கட்டி வந்துவிட்டார்கள். கார்புரேட்டரைக் கழற்றி 'ஃபூ' என்று ஊதி வண்டியைக் கிளப்பிய காலம் மலையேறியாச்சு. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்ததும் பெட்ரோல் ஊற்றுகிற வேலையும் கம்ப்யூட்டர் கைக்குப் போய்விட்டது. ஆக, நீங்கள் பிரேக்கை மிதிப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை நம்பி!

கம்ப்யூட்டர் என்றால் ஹேங் ஆகுமே? ஆபீஸில் ஆனால் டீ குடிக்கப் போகலாம். ஒரகடம் கூட்டுரோட்டில், எதிரே கன்டெய்னர் லாரி வரும்போது ஆனால்?

அதற்குத்தான் கூர்க்கா. பேட்டரி தரும் 12 வோல்ட்டை 5, 3.3 என்று பங்கு போட்டுக் கொடுக்கும் பவர் மேனேஜ்மென்ட் சிப்பிலேயே 'வாட்ச்டாக்' என்றொரு காவல்நாய் உட்கார்ந்திருக்கிறது. மூளையாகிய பிராசஸர் சில மில்லி விநாடிகளுக்கு ஒரு தரம் 'முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்' என்று அதற்குத் தகவல் தரவேண்டும். தராவிட்டால் பிடரியில் ஒரு தட்டு. ரீசெட்! எல்லாம் முதலிலிருந்து.

நம் ஆட்கள் வருகைப் பதிவேட்டில் நாளைக்கும் சேர்த்து இன்றே கையெழுத்துப் போடுகிற ஜாதி. பிராசஸரும் அப்படித்தான். ஒரே இடத்தில் சிக்கிச் சுழன்றுகொண்டு, சரமாரியாகக் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே 'ஜன்னல்' முறை வந்தது: குறித்த நேரத்துக்குப் பின்னால் வந்தாலும் தப்பு, முன்னால் வந்தாலும் தப்பு. அதையும் ஏய்த்தால்? கூர்க்கா ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பார். கணக்குப் போட்டுச் சரியான பதிலைச் சரியான நேரத்தில் சொல்ல வேண்டும். தூக்கத்தில் கையெழுத்துப் போடலாம், கணக்குப் போட முடியாது!

இந்த நாயின் பெருமை செவ்வாய் வரை பரவியிருக்கிறது. 1997 ஜூலையில் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் அடிக்கடி தானாக ரீசெட் ஆனது. காரணம், சுத்தமான ஆபீஸ் பாலிடிக்ஸ். எம்.டி. கேட்கும் ஃபைல் பியூன் கையில். பியூனையோ நடுவில் ஹெட் கிளார்க் நிறுத்திவைத்திருக்கிறார். எம்.டி. வேலை முடியாததைப் பார்த்து நாய் குரைத்தது. பூமியில் இருந்த நகலில் விஞ்ஞானிகள் அதே கோளாறை வரவழைத்துக் கண்டுபிடித்து, திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பினார்கள். 1994-ல் கிளெமென்டைன் விண்கலத்தில் இப்படிப்பட்ட நாயைப் பயன்படுத்தவில்லை. கம்ப்யூட்டர் உறைந்தது, ராக்கெட்டுகள் பாட்டுக்கு எரிந்து எரிபொருளைத் தீர்த்தன. அடுத்துப் போகவிருந்த விண்கல்லுக்கு டாட்டா!

சரி, கூர்க்காவே தூங்கினால்?

அதற்குத்தான் வண்டி கிளம்பும் முன் செல்ஃப் டெஸ்ட். சிப் தனக்குத்தானே பொய்யாக ஒரு ஆபத்தை உண்டாக்கும். 'வோல்ட்டேஜ் ஏறிவிட்டது!', 'இறங்கிவிட்டது!' என்று தன் காவலர்களின் காதில் பொய்த் தகவல் ஓதும். அவர்கள் கத்தினால் பாஸ். கத்தாவிட்டால் பிராசஸரை வேலை செய்யவே விடாது. தீயணைப்பு ஒத்திகை மாதிரி, ஆனால் கண் இமைக்கும் நேரத்துக்குள். 2011-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 26262 என்கிற வாகனப் பாதுகாப்பு விதிமுறை வற்புறுத்துவதில் ஒன்று இதுதான்: வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் பழுதைத் தேடு. செத்துப்போன அலாரம் சத்தம் போடாது. அதனால் அது செத்தது யாருக்கும் தெரியாது.

அந்தப் பக்கம் உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பார்க்கும் தம்பி ஒருவரிடம், "எது ரொம்ப பயம்?" என்று கேட்டேன்.

"புரோகிராம் ஏத்தும்போது பிராசஸர் பதில் சொல்லாது சார். நாய் விட்டா பாதியிலயே ரீசெட் அடிச்சிடும். அதனால கட்டிப் போட்டுட்டுத்தான் ஏத்துவோம். முடிஞ்சதும் அவுத்து விட்டாச்சான்னு பார்க்கணும். மறந்துட்டா..."

"வண்டி ஓடாதா?"

"நல்லா ஓடும் சார். அதான் பயம்!"

இன்னொரு தர்மசங்கடமும் இருக்கிறது. எத்தனை தடவைதான் தட்டி எழுப்புவது? பல சிப்கள் கணக்கு வைத்திருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால், 'இனி உன்னை நம்ப மாட்டேன்' என்று கையைக் கழுவிவிடும். ஏ.பி.எஸ். விலகிக்கொண்டு சாதா பிரேக் மட்டும் மிஞ்சும், விளக்கு எரியும். நடுராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பைத்தியம் பிடித்த கம்ப்யூட்டர் பிரேக்கில் கை வைப்பதைவிட, அது ஒதுங்கி நிற்பது மேல்.

நாம் என்ன செய்கிறோம்? வண்டியை 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்கிறோம். விளக்கு அணைந்தால் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. ரீசெட் என்பது வைத்தியமில்லை, மயக்கம் தெளிய முகத்தில் தண்ணீர் தெளிப்பது மாதிரி. ஏன் மயக்கம் வந்தது என்று கேட்க வேண்டாமா? பழுது பற்றிய குறிப்பு பெரும்பாலும் வண்டியின் நினைவிலேயே இருக்கும். சர்வீஸில், 'விளக்கை அணைச்சுக் கொடுங்க' என்று சொல்லாதீர்கள். 'உள்ளே என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க' என்று கேளுங்கள். சிலர் விளக்கு மறைகிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், அதுவும் சாமி படம்!

சாமி காப்பாற்றும். அதற்குத்தானே கூர்க்காவை அனுப்பியிருக்கிறது. அவர் வாயைப் பொத்தாதீர்கள்.