கலகாரியில் ஒரு கூடாரம்

காட்டில் தங்குவது என்றவுடன் நம்மில் பலருக்கு முதலில் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் காடுகளில் நாட்கணக்காக ஜீப்பில் பிரயாணம் செய்வோர் சிங்கத்தை விட அதிகம் அஞ்சுவது தண்ணீர்க் கேன் ஓட்டையாவதற்குத்தான். போட்ஸ்வானா நாட்டின் மத்திய கலகாரி வனவிலங்குக் காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். 1961-இல் அமைக்கப்பட்ட இதன் பரப்பு 50,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது; கடை கிடையாது; குடிநீரும் கொண்டுபோனால்தான் உண்டு.

ஆகவே மூட்டை கட்டுவதே பாதிப் பிரயாணம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு ஏழு நாளைக்கு 70 லிட்டர். வண்டி பழுதாகிக் காத்திருக்க நேர்ந்தால் என்று 30 சேர்த்தால் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. இதைக் கூரைமேல் ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, சாய்வான தடத்தில் வண்டி கவிழக்கூடும். எனவே தளத்தில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, பல கேன்களாகப் பிரித்து இறுகக் கட்டுகிறார்கள். கூடாரமும் படுக்கையும் மேலே போகலாம். பௌதிகப் புத்தகத்தில் நான் படித்த சமநிலைப் பாடம் இதுதான்; இங்கே விடை தவறினால் மதிப்பெண் மட்டுமே போகும்.

மணலில் டயர்க் காற்றைக் குறைப்பதும் அந்தக் கணக்குதான். தரையில் படும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், சக்கரம் புதையாது.

அங்கேயே வாழ்ந்த சான் மக்களிடம் கேன் ஏது? நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் நீர் நிரப்பிப் புதைத்து வைத்தார்கள். நீரற்ற மாதங்களில் சம்மா என்னும் காட்டுத் தர்பூசணியின் சாறே அவர்களுக்குத் தாகம் தீர்த்தது.

பச்சை இறைச்சி கொண்டுபோவோர் வழியில் கால்நடைத் துறையின் வேலிகளைக் கடக்க வேண்டும். எருமைகள் திரியும் பகுதியிலிருந்து மாடு வளர்க்கும் பகுதிக்கு அதைக் கொண்டுவர விடமாட்டார்கள். காரணம் கோமாரி. மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பஞ்ச காலத்தில் தண்ணீர் தேடி வந்த வில்டபீஸ்ட் மந்தைகள் இவ்வேலிகளில் தடைபட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தன என்பதையும் படித்தேன். எந்தப் பக்கம் பேசுவதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கூடாரம் அடிக்கப் பொழுது சாயுமுன் இடம் பார்த்துவிட வேண்டும்; அங்கே இருட்டு சட்டென்று விழும். விலங்குகளின் ஒற்றையடித் தடத்திலும், வறண்ட ஆற்றுப் படுகையிலும், காய்கள் உதிர்ந்து கிடக்கும் மரத்தடியிலும் அடிக்கக்கூடாது. யானை நடமாடும் வடபகுதிக்குச் செல்வோர் ஆரஞ்சுப் பழம் எடுத்துச் செல்வதில்லை. அந்த வாசனை அதை இழுத்து வந்துவிடும். உணவு முழுவதும் பூட்டிய வண்டிக்குள் இருக்க வேண்டும். செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி கவ்விப் போகும். முழுவதும் மூடிய கூடாரத்தைச் சிங்கம் பெரும்பாலும் ஒரு புதரைப் போலவே கடந்துபோகிறது. திறந்து வைத்து உறங்குவதுதான் ஆபத்து. விறகைக் கையிலெடுக்குமுன் விளக்கடித்துத் தேளைத் தேட வேண்டும். கொடுக்கு மெலிந்து வால் தடித்திருந்தால் அதுதான் கொடிய வகை.

வண்டியின் அடியில் சிக்கும் காய்ந்த புல்லையும் அடிக்கடி நீக்க வேண்டும். புகைக்குழாயின் சூட்டில் அது பற்றி, வண்டியே எரிந்துபோனதுண்டு.

புறப்படும்போது அடுப்பை மணலால் மூடுவது போதாது. மணலுக்கடியில் தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அடுத்து வருபவர் வெறுங்காலால் மிதித்துவிடுவார். ஆகவே அந்த 100 லிட்டரில் நெருப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கியே ஆகவேண்டும்.