இசையரங்கில் இடம் யாருக்கு?

இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த பூச்சோங், இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகராகிவிட்டது. அங்குத் தமிழரின் இசை பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒலிக்கக் கேட்கலாம். கோயிலில் நாகசுரமும் தவிலும். திருவிழா ஊர்வலத்தில் உருமி மேளம். மாதக் கட்டணம் பெற்று நடத்தப்பெறும் வகுப்புகளில் கருநாடக இசை. மூன்றும் தமிழர் வாழ்வோடு இயைந்தவையே. ஆயினும், 'சாத்திரிய இசை' என்றவுடன் பலர் நினைப்பது மூன்றாவதையே. நாகசுரம் 'மங்கல வாத்தியம்' என்னும் பெயரோடு திருமணப் பந்தலில் நின்றுவிடுகின்றது. உருமியோ வெறும் ஆரவாரம் என்று ஒதுக்கப்படுகின்றது. இவ்வேற்றுமை இசையின் இலக்கணத்தால் வந்ததா, இசைப்போரின் நிலையால் வந்ததா என்பது ஆராயத்தக்கது.

தமிழிசை வரலாற்றில் இவ்வினா புதியதன்று. சங்க காலத்தில் யாழிசைத்த பாணர், அரசரால் பொற்றாமரைப் பூச் சூட்டப்பெற்றுச் சிறப்பெய்தினர். அவர்தம் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ஆற்றுப்படை நூல்களே எழுந்தன. காலம் செல்லச் செல்ல அக்குடியின் நிலை தாழ்ந்தது. திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழிலிட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் ஆலவாய்த் திருக்கோயிலின் வாயிலில் நின்றே இசைத்தார் என்றும், இறைவன் ஆணையால் உள்ளே அழைக்கப்பெற்றார் என்றும், யாழ் நிலத்தின் ஈரம் படாதிருக்கப் பொற்பலகை இடப்பெற்றது என்றும் பெரிய புராணம் கூறுகின்றது. கலைஞனுக்கு உரிய இருக்கையை ஊரார் தாமே தரவில்லை. இறைவன் ஆணை வேண்டியிருந்தது. பின்னாளில் தேவாரப் பண்கள் மறைந்தபோது அவற்றை மீட்டுத் தந்தவளும் அப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே என்பது திருமுறை கண்ட புராணம் தரும் செய்தி. மரபைக் காத்தவர் ஒருவர், மதிப்பைப் பெற்றவர் வேறொருவர் என்னும் நிலையின் தொன்மையை இவற்றால் உணரலாம்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். அரசவையும் கோயிலும் இசையைப் புரக்கும் ஆற்றலை இழந்தபின், இசை சென்னை நகரின் சபைகளை அடைந்தது. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி இசை மாநாடு ஒன்று நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. சபைகளை நடத்தியோரில் வழக்கறிஞரும் அலுவலரும் செல்வரும் மிகுதி. அவருட் பெரும்பாலோர் பிராமணர். அவர்கள் இசைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. கச்சேரி முறை செம்மையுற்றது. பழைய உருப்படிகள் அச்சேறின. ஆராய்ச்சிக்கு மேடை கிடைத்தது. ஆனால், எது தூய இசை, யார் தக்க கலைஞர் என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களிடமே சென்று சேர்ந்தது. அதுவரை அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த மேளக்காரர் குடிகள், 20ஆம் நூற்றாண்டில் இசை வேளாளர் எனப் பெயர் பூண்டனர். தாங்கள் வளர்த்த கலையின் வாயிலில் அவர்களே காத்து நிற்க நேர்ந்தது.

இதற்குத் திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் வாழ்வு சான்று. நாகசுரக் கலைஞர் நின்றும் நடந்தும் வாசிப்பதே வழக்கமாயிருந்த நாளில், பாடகரைப் போலத் தாமும் மேடையில் அமர்ந்தே வாசிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவைக் கொண்டார். சட்டை அணிந்து அவையேறினார். இவற்றைச் செருக்கு என்றோர் உண்டு. உண்மையில் இவை உரிமைப் போராட்டமே. அவர் 1956இல் மறைந்தார். தோடி இராகத்திற்கு அவர் பெயரையே அடையாளமாகச் சொல்லும் இசையுலகம், அகாடமியின் 'சங்கீத கலாநிதி' விருதை அவருக்கு அளிக்கவில்லை. நாகசுரக் கலைஞர் அவ்விருது பெறுவது இன்றும் அரிதே. 1998இல் அதனைப் பெற்றவர் ஷேக் சின்ன மௌலானா.

இதனிடையே தமிழிசை இயக்கம் எழுந்தது. அதற்கு முன்னரே ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியான 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலால் பழந்தமிழ் இசையின் இலக்கணத்தை ஆராய்ந்து அடித்தளம் இட்டிருந்தார். அண்ணாமலை அரசர் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி அமைத்தார். 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. தமிழ் நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு, கச்சேரியின் இறுதியில் பாடும் 'துக்கடா'வாக மட்டும் இருப்பது தகுமா என்பதே அன்றைய வினா. கல்கியும் இராசாசியும் அவ்வியக்கத்தை ஆதரித்தனர். 1949 முதல் சங்கம் நடத்திய பண் ஆராய்ச்சி, தேவாரப் பண்களைப் பற்றிய அறிவைப் பெருக்கிற்று.

இயக்கம் வென்றது எது, விட்டது எது என்று பிரித்துக் காணல் வேண்டும். மேடையில் எம்மொழி ஒலிக்க வேண்டும் என்னும் வழக்கில் அது பெரும் வெற்றி கண்டது. மேடையில் எவர் அமர வேண்டும் என்னும் வழக்கோ அவ்வளவு முன்னேறவில்லை. பாட்டின் மொழி மாறியது. பந்தி பெரிதும் மாறவில்லை.

அந்த இரண்டாம் வழக்குத்தான் இந்நாளில் மீண்டும் எழுந்துள்ளது. பாடகர் டி. எம். கிருஷ்ணா, 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் தொடங்கிய கலை விழாவில் முன்னின்றார். மிருதங்கம் செய்யும் தொழிலாளரைப் பற்றி 2020இல் நூல் எழுதினார். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் இன்றி மிருதங்கம் இல்லை. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, நாதம் கூட்டும் அக்கைகளுட் பல தலித் கிறித்தவருடையவை. மேடையில் வாசிப்பவரின் பெயர் உலகறியும். கருவிக்கு நாதம் தந்தவரின் பெயரோ அழைப்பிதழில் இடம்பெறுவதில்லை. அந்நூல் வெளியீட்டுக்கு இடந்தர இசைந்திருந்த கலாசேத்திரம், பின்னர் அவ்விசைவை மீட்டுக்கொண்டது.

2024 மார்ச்சில் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. அவர் பெரியாரைப் போற்றியதையும் இசையுலகைச் சாடியதையும் காரணங்காட்டிக் கலைஞர் சிலர் அவ்வாண்டு விழாவினின்று விலகினர். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் 'தி இந்து' நாளிதழ் வழங்கும் விருது குறித்து, அவர் குடும்பத்தார் ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எம். எஸ். அவர்களே இசை மரபில் வந்த மதுரை சண்முகவடிவின் மகளார். 1968இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதற் பெண்மணி. இப்பூசலில் ஒன்று கருதத்தக்கது. வழக்காடியோரும் வாதாடியோரும் பெரும்பாலும் மேடைக்கு உரியோர். நாகசுரக்காரரின் கூலியும், தோல் பதப்படுத்துவோரின் வாழ்வும் அவ்வாரவாரத்தில் எத்துணைப் பேசப்பட்டன?

மலேசியத் தமிழர்க்கும் இதில் பங்குண்டு. இரயில்வே, அரசு அலுவலகங்களில் எழுத்தர் பணி புரிந்தோர், அவருள்ளும் இலங்கைத் தமிழர், பிரிக்பீல்ட்சு வட்டாரத்தில் வாழ்ந்தனர். அங்குக் கருநாடக இசைக்குச் சபையும் வகுப்பும் அமைந்தன. பால்மரம் சீவியோரிடம் பறையும் உருமியும் கூத்தும் வாழ்ந்தன. தோட்டங்கள் அழிந்தபின் அம்மக்கள் பூச்சோங் போன்ற நகர்களுக்குப் பெயர்ந்தனர். உருமியும் உடன் வந்தது. வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்து உறுமல் எழுப்பும் அக்கருவிக்கும் நடையுண்டு, கணக்குண்டு, பயிற்சியுண்டு. ஆயினும், அதனைப் பயிலும் இளைஞன் தன்னை இசைமாணாக்கன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகின்றான். அரங்கேற்றத்திற்கோ மண்டபமும் பக்கவாத்தியமும் விருந்தும் வேண்டும். அச்செலவைத் தாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கே அம்மேடை எளிதில் வாய்க்கின்றது. முன்னர்ச் சாதி காத்த வாயிலைப் பணமும் இப்போது உடனிருந்து காக்கின்றது.

இசையில் அரசியல் புகலாமா என்று வினவுவோர் உளர். எவரை வாயிலில் நிறுத்துவது என்று முடிவு செய்த நாளிலேயே அரசியல் புகுந்துவிட்டது. அதனை எடுத்துரைப்பது இராகத்தின் இனிமையைக் குறைக்காது. தியாகராசர், தண்டபாணி தேசிகர் முதலியோரின் புகழையும் குறைக்காது.

நாட்டிலுள்ள 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இம்மாற்றத்திற்கு வித்திடலாம். யாழ்ப்பாணரின் வரலாற்றைப் பக்தியாக மட்டும் கற்பியாமல், வாயிலில் நின்ற கலைஞனின் வரலாறாகவும் ஆசிரியர் கற்பிக்கலாம். பள்ளி விழா மேடையில் வீணைக்கு விரிக்கும் பாயையே நாகசுரத்திற்கும் உருமிக்கும் விரிக்கலாம். பொற்பலகை வேண்டுவதில்லை, ஒரே பாய் போதும்.