மைசூரு பள்ளி விளையாட்டு: ஒரு வருஷப் பயிற்சி, ஒரே ஒரு மேட்ச்

கர்நாடகாவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியின் கபடி அணி வருஷத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடும்? மைசூரு மாவட்டம் எச்.டி. கோட்டே தாலுகாவில் ஒன்பதாம் வகுப்புப் பசங்க பத்து பேர் சேர்ந்து ஓர் அணி போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்வித் துறை நடத்தும் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டால், பதில் 1. அவ்வளவுதான். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

இன்ஃபோசிஸ் பயிற்சிக்காக மைசூருவில் சில மாதம் தங்கியவர்களுக்கு ஹெப்பாள் கேம்பஸும் அதன் மைதானங்களும் நன்றாக நினைவிருக்கும். கேம்பஸுக்கு வெளியே, அந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் யாரோடு ஆடுகிறார்கள், எத்தனை தடவை ஆடுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கும் இது புதுசாக இருக்காது.

<b>ஏணி எப்படி இருக்கு?</b>

கர்நாடகப் பள்ளி விளையாட்டு ஹோப்ளி அளவில் ஆரம்பிக்கிறது. ஹோப்ளி என்பது தாலுகாவுக்குள் சில பல கிராமங்களைச் சேர்த்த வருவாய்ப் பிரிவு, நம்ம ஊர் குறுவட்டம் மாதிரி. அதில் ஜெயித்தால் தாலுகா, பிறகு மாவட்டம், கோட்டம், கடைசியில் மாநிலம். மைசூரு நகரத்துக்குள் மட்டும் கல்வித் துறை வடக்கு, தெற்கு என்று பிரித்து வைத்திருக்கிறது.

மாநில அளவில் தேர்வானவர்கள் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, அதாவது எஸ்.ஜி.எஃப்.ஐ., நடத்தும் தேசியப் போட்டிக்குப் போவார்கள். 1954-ல் தொடங்கிய அமைப்பு இது. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். தமிழ்நாட்டிலும் குறுவட்டத்தில் தொடங்கி மாநிலம் வரை இதே பாணிதான். குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி என்ற பெயர்களில் நீங்களே ஆடியிருக்கலாம்.

படிக்கும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது. சிக்கல் கணக்கில் இருக்கு.

ஒரு நாக்-அவுட் தொடரில் 16 அணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 ஆட்டம். 8 அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு கிளம்பிவிடும். 4 அணிகள் இரண்டு ஆட்டம், 2 அணிகள் மூன்று ஆட்டம். இறுதிப் போட்டிக்கு வரும் 2 அணிகள் மட்டும் நான்கு. பாதி பேருக்கு ஒரு காலைப்பொழுதுதான் மொத்த சீசனே. அதே 16 அணிகளை எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக் வைத்தால், கடைசி இடத்துக்கு வரும் அணிக்குக்கூட 7 ஆட்டம் கிடைக்கும்.

தடகளத்தில் நிலைமை இன்னும் மோசம். 100 மீட்டர் ஓடும் ஒரு பொண்ணு ஹீட்ஸில் தோற்றால், அவளுடைய அந்த வருஷ சீசனின் மொத்த நீளம் 15 விநாடி சொச்சம்.

<b>அமெரிக்காவில் எப்படி?</b>

'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' சீரிஸ் பார்த்தவர்களுக்கு டெக்சாஸ் பள்ளி ஃபுட்பால் வெறி தெரியும். அந்த வெறி ஒரு பக்கம் இருக்கட்டும். அதன் கீழே இருக்கும் அமைப்பைத்தான் கவனிக்கணும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற பெயரில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளாகச் சேர்ந்து, சீசன் முழுக்கத் தங்களுக்குள் ஆடும். தோற்றால் வெளியே என்ற பேச்சு கடைசியில், ப்ளே-ஆஃப் வரும்போதுதான்.

இன்னொரு விஷயம் சமம். டெக்சாஸில் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கையை வைத்து 1ஏ முதல் 6ஏ வரை ஆறாகப் பிரிக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை மறுபடி பார்த்து, வகையை மாற்றுகிறார்கள். 200 பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளி 2,000 பேர் படிக்கும் நகரப் பள்ளியோடு மோத வேண்டியதில்லை.

அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. பணக்காரப் பகுதிப் பள்ளிக்கு நல்ல மைதானம், ஏழைப் பகுதிக்குப் பழைய மைதானம். பல இடங்களில் அணியில் சேரவே கட்டணம். ஆனால் எண்ணுகிறார்கள். அங்கிருக்கும் தேசியக் கூட்டமைப்பு எத்தனை பிள்ளைகள் ஆடினார்கள் என்று கணக்கெடுக்கிறது. 2023-24-ல் அது 80 லட்சத்தைத் தாண்டியது. 1971-72-ல் பெண் பிள்ளைகள் 3 லட்சத்துக்கும் கீழே. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972-ல் வந்த பிறகு அது ஏறி, இப்போது 34 லட்சத்துக்கு மேல். நம்ம ஊரில் போட்டி முடிந்ததும் செய்தியாவது பதக்கப் பட்டியல். எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் பணம் ஒதுக்குவோம், இல்லையா?

<b>கோட்டம் வந்தால் எதிரே யார்?</b>

எச்.டி. கோட்டே பசங்க எல்லாத் தடையையும் தாண்டி மாவட்டத்தை ஜெயித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது மைசூரு கோட்டம். பெயர்தான் மைசூரு, உள்ளே 8 மாவட்டங்கள்: மைசூரு, சாமராஜநகர், மண்டியா, குடகு, ஹாசன், சிக்கமகளூரு, தட்சிண கன்னடா, உடுப்பி.

தட்சிண கன்னடாவில்தான் மூடபிதரி இருக்கு. அங்குள்ள ஆல்வாஸ் கல்வி நிறுவனம் தடகளத்தில் இந்திய அளவில் பெயர் வாங்கியது. மங்களூரு பல்கலைக்கழகத்தின் தடகள வெற்றிகளுக்கு முதுகெலும்பு அதன் மாணவர்கள். 2020 ஜனவரியில் அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளப் போட்டி மூடபிதரியிலேயே நடந்தது, மங்களூருதான் சாம்பியன். அதெல்லாம் கல்லூரி அளவு என்றாலும், அந்தச் சூழல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். பக்கத்தில் குடகு. அங்கே ஹாக்கி குடும்ப விஷயம்: கொடவக் குடும்பங்களுக்கு இடையே 1997 முதல் நடக்கும் ஹாக்கி விழாவில் 2024-ல் 360 அணிகள் ஆடின.

மூடபிதரியையோ குடகையோ குறை சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கள் உழைத்து வளர்த்தது. ஆனால் பயிற்சியாளர், விடுதி, ட்ராக் எல்லாம் இருக்கும் பள்ளியும், உடற்கல்வி ஆசிரியரையும் ஒரு மண் மைதானத்தையும் மட்டுமே வைத்திருக்கும் பள்ளியும் ஒரே வரிசையில் நிற்கும்போது, அங்கே அளக்கப்படுவது திறமை மட்டும் இல்லை.

<b>ஒரே ஊர், பல ஏணி</b>

இன்னொரு குழப்பமும் உண்டு. மைசூருவில் ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு பிள்ளைகள் பள்ளிப் போட்டியில் ஒருமுறைகூட எதிரெதிரே ஆடாமல் போகலாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குத் தனி க்ளஸ்டர் போட்டி. கேந்திரிய வித்யாலயா, நவோதயா இரண்டும் தனித்தனி. ஐ.சி.எஸ்.இ. நடத்தும் கவுன்சிலும் தனி. எஸ்.ஜி.எஃப்.ஐ. தேசியப் போட்டிக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு மாநிலம் போல சொந்த அணியை அனுப்புகின்றன. கிரிக்கெட்டோ கர்நாடக கிரிக்கெட் சங்கத்தின் மைசூரு மண்டலம் வழியாக வேறு திசையில் போகிறது. மைசூரு மரிமல்லப்பா உயர்நிலைப் பள்ளியில் படித்த ஜவகல் ஸ்ரீநாத் வளர்ந்த ஊர் ஆச்சே!

பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஏணியே மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் பிளஸ் 2 வரை பள்ளிதான். கர்நாடகாவில் 11, 12 என்பது பி.யு. கல்லூரி, அதற்கு வேறு போட்டித் தொடர். 15, 16 வயதில், உடம்பு தேறி வரும் நேரத்தில், பழகிய ஆசிரியரும் மைதானமும் கை நழுவிப் போகும். பி.யு. போனதும் பயிற்சியை விட்டுவிடும் பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன்னால் இதையும் சேர்த்துப் பார்க்கணும்.

<b>ஒரு மேட்ச் போனால் என்ன போகுது?</b>

முதலில் சான்றிதழ். எந்த அளவு வரை ஆடினார்கள் என்பது கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடங்கள் உண்டு. கர்நாடகத் தொழிற்கல்விச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு. ஹோப்ளியில் தோற்றவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அதைவிடப் பெரிய இழப்பு வயது சம்பந்தப்பட்டது. 1985-ல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் சகாக்களும் கனடா ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தார்கள். வயது வரம்பு தொடங்கும் ஜனவரியையொட்டிப் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். காரணம் எளிது: 13 வயதில் பத்து மாதம் மூத்தவன் உயரமாக, பலமாக இருப்பான். அவனைத் திறமைசாலி என்று நினைத்து வாய்ப்புக் கொடுக்கிறோம், அந்த வாய்ப்பு அவனை நிஜமாகவே திறமைசாலி ஆக்குகிறது. ஒரே ஆட்டத்தில் முடிவு சொல்லும் முறை இந்தத் தவறை இன்னும் பெரிதாக்கும். தாமதமாக வளரும் பிள்ளை இரண்டாவது தடவை காட்ட வாய்ப்பே இல்லை.

<b>செலவு எவ்வளவு ஆகும்?</b>

ஹோப்ளிக்கு ஒரு லீக் என்று ஆரம்பிக்கலாம். 8 பள்ளிகள் இருந்தால் எல்லாரும் எல்லாரோடும் ஆட மொத்தம் 28 ஆட்டம். ஒரு சனிக்கிழமைக்கு 4 ஆட்டம் என்றால் 7 வாரம். கபடிக்குப் பெரிய ஸ்டேடியம் வேண்டாம், சுண்ணாம்புக் கோடும் விசிலும் போதும். கர்நாடகாவில் பெரும்பாலான பள்ளிகளுக்குச் சனிக்கிழமை அரை நாள்தான், மதியம் மைதானம் காலி. உண்மையான செலவு பிள்ளைகளின் பஸ் கட்டணமும், நடுவராக நிற்கும் ஆசிரியர்களுக்கான படியும்.

மழை சில வாரங்களைத் தின்னும். அதையும் சேர்த்து ஜூன் நடுவில் தொடங்கினால் ஆகஸ்ட் நடுவில் முடித்துவிடலாம். முதலிடம் பிடித்த அணி வழக்கம்போலத் தாலுகாவுக்குப் போகும். மீதி 7 அணிகளும் அதற்குள் ஆளுக்கு 7 ஆட்டம் ஆடியிருக்கும்.