சேர்த்தால் இவ்வளவு, இல்லாவிட்டால் இல்லை: கலவைச் சோதனையின் கணக்கு

ஒரு கலவையில் உள்ள பொருள்களின் பங்குகளைக் கூட்டினால் எப்போதும் 100 விழுக்காடுதான். ஒன்று ஏறினால் வேறொன்று இறங்கியே தீரும். அதனால் மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை முறை இங்கே எடுபடாது. இதற்கான கணக்கைப் புள்ளியியலாளர் ஹென்றி ஷெஃபே 1958-இல் வகுத்தார். மூன்று பொருள்கள் என்றால் ஒரு சமபக்க முக்கோணம்: முனைகளில் தனிப்பொருள், விளிம்புகளில் இரண்டின் கலப்பு, உள்ளே மூன்றும்.

சேர்த்தாலும் விட்டாலும் சரி என்ற விருப்பப் பொருள்கள் வந்ததும் முக்கோணம் துண்டாகிறது. கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி அனல்மின் நிலையங்களின் சாம்பல் சிமெண்டோடு கலக்கப் பயன்படுகிறது. சாம்பல் கலந்த போஸோலானா சிமெண்டுக்கான ஐ.எஸ். 1489 தரம் அதை 15 முதல் 35 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. அதே வரம்பை வைத்து, சிலிக்கா ஃபியூம் என்ற நுண்தூளையும் சேர்த்தால் 5 முதல் 10 விழுக்காடு என்று கொள்வோம். இரண்டுமே இல்லாமலும் கான்கிரீட் போடலாம். ஆனால் 2 விழுக்காடு சாம்பலைச் சோதித்து யாருக்கும் பயனில்லை. சமையலிலும் இப்படித்தான்: சிதம்பரம் கொத்சில் வெங்காயம் போடுவோரும் உண்டு, போடாதோரும் உண்டு; போடுவோர் கடுகளவு போடுவதில்லை.

ஆக, சோதனைக்களம் நான்கு தனித்தனித் துண்டுகள். சிமெண்ட் மட்டும் என்பது ஒரு புள்ளி. சிமெண்டும் சாம்பலும் ஒரு கோடு, சிமெண்டும் ஃபியூமும் இன்னொரு கோடு. மூன்றும் சேர்ந்தது ஒரு நாற்கரம். கோடுகளின் முனைகளும் நடுவும், நாற்கரத்தின் மூலைகளும் நடுவும், அந்த ஒற்றைப் புள்ளியும் சேர்ந்து 12 கலவைகள்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பூஜ்யத்தை மிகச் சிறிய அளவாக எண்ணி எல்லாவற்றையும் ஒரே வளைகோட்டில் பொருத்துகிறார்கள். ஒரு பொருள் உள்ளே வந்ததுமே கான்கிரீட்டின் வலிமை தாவக்கூடும். அந்தத் தாவலை வளைகோடு விழுங்கிவிடும். ஷெஃபேயின் இருபடிச் சமன்பாட்டின் ஆறு கெழுக்களோடு, ‘சாம்பல் உண்டா’, ‘ஃபியூம் உண்டா’ என்ற இரண்டு உறுப்புகளைச் சேர்ப்பது நேர்மையான வழி. எட்டுக் கெழுக்களை 12 கலவைகளிலிருந்து கணிக்கலாம்.

விருப்பப் பொருள் மூன்றானால் துண்டுகள் எட்டு. எல்லா மூலைகளின் கலவைகளையும் வார்ப்பது கட்டுப்படியாகாது. கெழுக்களைத் துல்லியமாகக் கணிக்க உதவும் கலவைகளைத் தேடும் டி-உகந்த வடிவமைப்பைக் கொண்டு கணினி சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு மூன்று கலவைகளை மீண்டும் தனியே கலந்து வார்த்தால்தான் சோதனைப் பிழையின் அளவு தெரியும். தண்ணீர் விகிதம் மாறக் கூடாது. வார்க்கும் வரிசையைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். 150 மி.மீ. கனசதுரங்களை 28 நாள் நீரில் ஊறவைத்தபின் நசுக்கிப் பார்ப்பார்கள். சாம்பலின் தன்மை லோடுக்கு லோடு மாறும் என்பதால், தேவையானதை ஒரே லோடிலிருந்து எடுத்துவைப்பது நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு லோடையும் தனித் தொகுதியாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.