28 மடங்கு வேகமா?

ஒரு புரோகிராமர் 6 மணி நேரத்தில் பிழை திருத்தினார். அதே வேலைக்கு இன்னொருவருக்கு 170 மணி நேரம் ஆனது. 1968இல் வெளியான இந்த அமெரிக்க ஆய்வுதான் 'ஒருத்தர் பத்து ஆளுக்குச் சமம்' என்ற ஐ.டி. உலகப் பேச்சுக்கு ஆதாரமாக இன்றும் காட்டப்படுகிறது. ஆனால் சாக்மன், எரிக்சன், கிரான்ட் ஆகிய மூவரும் ஆராயப் புறப்பட்டது வேறு விஷயம். கம்ப்யூட்டரில் நேரடியாக வேலை பார்ப்பது லாபமா, நிரலைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பது லாபமா என்று பார்க்கத்தான் 12 பேரை வைத்துச் சோதித்தார்கள். அந்தக் கேள்வி மறந்துபோய், 28 மடங்கு என்ற கணக்கு மட்டும் ஊர் சுற்றியது. இரண்டு முறைகளில் வேலை செய்தவர்களையும் இயந்திர மொழியில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்த கணக்கு அது. பின்னால் வந்தவர்கள் பிரித்துப் பார்த்தபோது இடைவெளி வெகுவாகச் சுருங்கியது.

அப்போது கம்பெனிகளின் கவலையெல்லாம் ஆள் எடுப்பதுதான். ஐ.பி.எம். 1955இலேயே திறனறித் தேர்வு வைத்தது. 1966இல் கேனன், பெர்ரி என்ற இரு ஆய்வாளர்கள் புரோகிராமர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களோடு பழகப் பிடிக்காது என்றார்கள். அவர்கள் ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்! அந்த அளவுகோலை வைத்து ஆள் எடுத்தால் அதே ஆட்கள்தானே வருவார்கள்?

பார்வையை மாற்றியவர் ஜெரால்ட் வெயின்பெர்க். 1971இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மையம் வருகிறது. அங்கே தின்பண்டம் விற்கும் இயந்திரங்களைச் சுற்றி மாணவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று புகார் வர, இயந்திரங்களை அகற்றினார்கள். கொஞ்ச நாளில் ஆலோசகர் அறை முன் கூட்டம் நெரிந்தது. அதுவரை மாணவர்கள் தங்கள் சிக்கல்களை அந்த இயந்திரங்களைச் சுற்றி நின்றபடியே ஒருவருக்கொருவர் தீர்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது.

1987இல் டிமார்கோ, லிஸ்டர் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புரோகிராமர்களுக்கு அவர்கள் நடத்திய போட்டிகளில் ஒரே கம்பெனியிலிருந்து வந்த இருவர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முடித்தார்கள். தொந்தரவில்லாத அலுவலகம் வாய்த்தவர்களே முன்னணியில் நின்றார்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மேலாளர்கள் வசதியாக மறந்துவிட்ட முடிவு இதுதான்.

2000க்குப் பிறகு, வேலையை மட்டுமல்லாமல் வாழ்க்கையையும் ஆராய மானுடவியலாளர்களும் வந்தார்கள். சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் சென்னை ஐ.டி. ஊழியர்களின் நடுத்தர வர்க்க வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார்கள்.

இப்போது கேள்வி செயற்கை நுண்ணறிவு. 2025இல் மெட்டர் என்ற அமைப்பு அனுபவமுள்ள 16 புரோகிராமர்களின் 246 வேலைகளை வைத்துச் சோதித்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் மிச்சமானதாக நம்பினார்கள். இந்த முடிவை எல்லாப் புரோகிராமர்களுக்கும் பொருத்த முடியாது என்பதையும் மெட்டர் தன் அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது.