காஞ்சனையை வீட்டுக்குள் விடலாமா?

தமிழில் பேய்க்கதை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘காஞ்சனை’. அதை எழுதிய புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். கதையில், வாசலில் பிச்சை கேட்டு வந்தவளை வீட்டுக்காரி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். நள்ளிரவில் கணவனுக்குத் துர்நாற்றம் அடிக்கிறது. அடுத்த கணம் ஊதுவத்தி மணக்கிறது. வந்தவள் பேயா மனுஷியா என்று கதை கடைசிவரை அடித்துச் சொல்வதில்லை. இதைச் சீட்டு விளையாட்டாக மாற்ற உட்கார்ந்தால், பயத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்பது தெரியவரும்.

அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு: ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் உருவாக்கி 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டு விளையாட்டு. பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே எந்தச் சீட்டு என்று தெரியாது. மிஞ்சியதை நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம்; சேர்ந்ததிலிருந்து அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே அமைக்கலாம். திகில் கதைகளும் சீக்கிரமே இந்த வடிவத்துக்குள் வந்தன. திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் உலகத்தை வைத்து 1996இலேயே ‘மித்தோஸ்’ வந்துவிட்டது.

நம் விளையாட்டில் ஆளுக்கு 40 சீட்டு. அதில் ஒன்றின் பெயர் ‘நடுநிசி’; அதுதான் ஆபத்தான சீட்டு. நன்றாகக் கலைத்துக் கவிழ்த்து வைத்தால், முதல் சீட்டே நடுநிசியாக இருக்கும் வாய்ப்பு 2.5 சதவீதம். யாரும் பயப்பட மாட்டார்கள். அது வராமலே 30 சீட்டு போய்விட்டால், அடுத்தது அதுவாக இருக்கும் வாய்ப்பு 10 சதவீதம். நான்கே மிச்சம் என்றால் 25, இரண்டே என்றால் 50. கட்டின் வரிசை மாறவில்லை. வராமல் இருப்பதே பயத்தை ஏற்றுகிறது. எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட்டுக் கலைத்தால் வாய்ப்பு எப்போதும் அதே 2.5தான். அங்கே திகில் செத்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. நடுநிசியைக் கட்டின் கீழ்ப்பாதியில் மட்டும் கலந்து வைக்கலாம். முதல் 20 சீட்டுக்கு ஆபத்தே இல்லை. அது இருவருக்கும் தெரியும். 21ஆவது சீட்டில் கை தயங்கும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

இப்போது காஞ்சனை சீட்டு. அவளை இறக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டுக்குப் பதில் இரண்டு எடுக்கலாம். வேலைக்காரி வந்த வீட்டில் வேலை வேகமாக நடக்கும், கைக்கு நல்ல சீட்டுகள் சேரும். ஆனால் 20 சுற்றுக்கு நீடித்திருக்க வேண்டிய நிம்மதி பத்தே சுற்றில் தீர்ந்துவிடும். அவள் வீட்டில் இருக்கும்போது நடுநிசி வந்தால் ஆட்டம் முடிந்தது. அவளை எப்போது அனுப்புவது என்பதுதான் விளையாட்டு. சீட்டில் கோரைப்பல்லும் ரத்தமும் வரைய வேண்டியதில்லை. பணிவாக நிற்கும் ஒரு பெண் போதும்.

இடங்களுக்கும் சீட்டு வேண்டும். புதுமைப்பித்தன் பிறந்த கடலூர்ப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த மரம் இன்றைக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நிற்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் சில காலம் பார்வையே போகலாம். ஆகவே தில்லை மரச் சீட்டு விழுந்தால், எதிராளி தன் கையைக் கவிழ்த்து வைத்து, எது எது என்று தெரியாமலே ஒரு சுற்று ஆட வேண்டும். மரத்தின் குணமே விதியாகிவிடுகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஓதம் ஏறி இறங்கும் அந்தக் கால்வாய்களுக்கும் இப்படி ஒரு விதி எழுதலாம்.

கடைசியாக, பாக்கெட். மொத்தம் 100 வகை, எல்லாம் சம அளவில் அச்சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். பாதி வகைகள் சேர சராசரியாக 69 சீட்டு போதும். நூறும் சேர ஏறக்குறைய 519 வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டுமே 100. சில வகைகளை அரிதாக்கினால் எண்ணிக்கை இன்னும் எகிறும். பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். 1960இல் கணிதவியலாளர்கள் டொனால்ட் நியூமன், லாரன்ஸ் ஷெப் இருவரும் நிறுவியது இதற்கு உதவும்: இரண்டாவது முழுத் தொகுப்புக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது முதல் தொகுப்பைவிட மிகக் குறைவு. இரண்டு பேர் கூட்டாக வாங்கினால் லாபம்.

அரிய சீட்டு என்றால் படத்தின் அழகில் அரிதாக இருக்கட்டும், பலத்தில் வேண்டாம். காஞ்சனையை மட்டும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் போட வேண்டும். அவளை இறக்குவதா வேண்டாமா என்ற திணறலைக் காசுள்ள பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அது புதுமைப்பித்தன் கதையாக இருக்காது.