எண்ணெய் படிந்த மூட்டைக்கு இன்சூரன்ஸ் உண்டா?

உற்பத்தியாளர் குழுக்கள் இப்போது அரிசியும் செக்கெண்ணெயும் குடோனில் வைத்து விற்கின்றன. பாலிசி எடுக்கிறோம், படிப்பதுதான் இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததே, அப்படிக் கெட்ட சரக்குக்கு "இது மாசு, பாலிசியில் கிடையாது" என்று சர்வேயர் எழுதினால் அதோடு விட்டுடாதீங்க.

வழக்கமான தீ விபத்துப் பாலிசியில் மாசுக்கு விலக்கு உண்டு. ஆனால் காப்பீடு செய்த ஆபத்தினால் வந்த மாசு அந்த விலக்கில் சேராது என்றும் அங்கேயே எழுதியிருக்கும். வெள்ளம் கொண்டுவந்த எண்ணெய் என்றால் வாதாட நல்ல இடம் இருக்கிறது. (பிரீமியம் குறைய வெள்ளத்தையே நீக்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.) சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009லேயே சொல்லிவிட்டது. வியாபாரத்துக்கு எடுத்த பாலிசியானாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது 2023 ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பு. கெடு 2 வருஷம்.

வங்கியில் நான் அதிகம் பார்த்த தகராறு தொகையில்தான். 20 லட்சம் சரக்கை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் வரும். பாதி காப்பீடு, பாதிப் பணம்.

மறுத்தால் எந்த ஷரத்துப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க. சர்வேயர் பார்க்கும்வரை நாறினாலும் மூட்டையை அகற்றாதீங்க.